வகுப்புக்குக் கொப்பி எடுக்கலாமா? ஆசிரியர்களுக்கான பதிப்புரிமை, எளிமையாக

இலங்கையில் பரீட்சை எழுதிய எல்லோரும் வினாத்தாளின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் "முழுப் பதிப்புரிமையுடையது" என்ற வரியைக் கண்டிருப்போம். மூன்று மொழியிலும் இருக்கும். கண்டுவிட்டு நேரே முதலாம் கேள்விக்குப் போய்விடுவோம், அந்த அவசரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யார் யோசிப்பது. பிறகு ஆசிரியராகி அதே மாதிரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. இதை நாற்பது கொப்பி அடிக்கலாமா? கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம்? முழுப் புத்தகத்தையும் போனில் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால்?

திருகோணமலை நகரப் பாடசாலையாக இருந்தாலும் சரி, மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் பக்கமாக இருந்தாலும் சரி, ஆசிரியர் ஓய்வறையில் இதற்கு இரண்டு பதில்தான் கேட்கிறது. "படிப்புக்குத்தானே ரீச்சர், எல்லாம் செய்யலாம்" என்பது ஒன்று. "ஒன்றையும் தொடாதீங்க சேர், பிறகு கேஸ் வரும்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. சட்டம் ஆசிரியருக்கு நாம் நினைப்பதைவிடத் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறது, அந்த இடத்துக்கு எல்லையும் போட்டிருக்கிறது. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டால் வீணாகப் பயப்படவும் வேண்டாம், எழுதினவர் வயிற்றில் அடிக்கவும் வேண்டாம்.

முதலில் அடிப்படை. நம் நாட்டில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். ஒருவர் தன் சொந்த உழைப்பில் ஒரு கவிதையோ கதையோ படமோ பாட்டோ வரைபடமோ உண்டாக்கிய உடனேயே பதிப்புரிமை அவருக்கு வந்துவிடும். எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை, வட்டத்துக்குள் 'சி' எழுத்துப் போட்ட அடையாளமும் கட்டாயமில்லை. ஆகவே "இதில் அப்படி ஒன்றும் போட்டில்லையே, அப்ப எடுக்கலாம்தானே" என்பது செல்லாது. இணையத்தில் கூகுள் தேடலில் வந்த படத்துக்கும் இதே கதைதான், எங்கோ ஒருவர் வரைந்ததோ எடுத்ததோதான் அது.

சட்டம் எதைக் காப்பதில்லை என்று தெரிந்துகொள்வது ஆசிரியருக்கு இன்னும் பயன்படும். கருத்து, கோட்பாடு, செய்முறை, கண்டுபிடிப்பு, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒளித்தொகுப்பு எப்படி நடக்கிறது என்பதையோ பைதகரசின் தேற்றத்தையோ யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு வழிகாட்டி நூலில் அதை விளக்கியிருக்கும் வசனங்களுக்கும் அவர் வரைந்த படத்துக்கும் மட்டும்தான் உரிமை. நீங்கள் அந்த நூலை வாசித்து, விளங்கி, உங்கள் சொல்லில் குறிப்பு எழுதி, கரும்பலகையில் உங்கள் கையால் படம் கீறினால் அது உங்கள் படைப்பு. சட்டங்கள், சுற்றறிக்கைகள் போன்ற உத்தியோகபூர்வ எழுத்துகளுக்கும் அன்றாடச் செய்திகளுக்கும்கூடப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அரசு வெளியிட்டது எல்லாம் அந்தக் கணக்கில் வராது. பாடநூல் அரசாங்கம் அச்சடித்தது என்பதற்காக அதைச் சுற்றறிக்கை மாதிரி எடுத்து அச்சிட்டு விற்க முடியாது.

அப்புறம், உரிமை என்றைக்கும் நிற்பதில்லை. இலங்கைச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும் காலமும் அவர் மறைந்த பிறகு 70 வருடமும். அதற்குப் பிறகு அந்தப் படைப்பு பொதுச் சொத்து. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' நாவலை இன்று எந்தப் பாடசாலையும் முழுதாகத் தட்டச்சு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், நாடகமாக்கலாம், பாடசாலையே அச்சிட்டு வெளியிடலாம். ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். அதோடு 70ஐக் கூட்டினால் 2017, அந்த வருட முடிவோடு அவர் எழுத்துகளும் திறந்துவிட்டன. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் தமிழ் ஆசிரியர்களுக்கு வந்துவிட்டால் கையில் இவ்வளவு செல்வம் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும்.

இதில் ஒரு பொறி உண்டு. மூலம் பொதுச் சொத்தாக இருந்தாலும் அதற்குப் பிற்காலத்தில் ஒருவர் எழுதிய உரை, முன்னுரை, அடிக்குறிப்பு, புதிய ஓவியம் எல்லாவற்றுக்கும் தனி உரிமை இருக்கிறது. திருக்குறள் எல்லோருக்கும் உரியது, போன வருடம் ஒருவர் அதற்கு எழுதிய உரை அவருக்குரியது. நாட்டார் பாடல்களுக்கும் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு யாரும் எழுதாததுதானே என்று விட்டுவிடாமல், வகுப்பில் பாடுவதற்கு அப்பால், விற்கிற ஒலிநாடா மாதிரி ஏதும் செய்யப் போனால் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது உரிமை உயிரோடு இருக்கும் நூல்கள். ஆசிரியருக்கு முக்கியமான இரண்டு பிரிவுகள் 11உம் 12உம். நியாயமான பயன்பாடு பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 11ஆம் பிரிவு. அதற்கு உதாரணமாகச் சொல்லும் நோக்கங்களில் விமர்சனம், செய்தி, ஆய்வு என்பவற்றோடு கற்பித்தலையும் சேர்த்து, வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரியை எல்லா அதிபர்களும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எது நியாயம் என்று பார்ப்பதற்கு நான்கு விடயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது: ஒன்று, என்ன நோக்கத்துக்கு எடுத்தீர்கள், அதில் வியாபாரம் இருக்கிறதா; இரண்டு, எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு; மூன்று, எவ்வளவு எடுத்தீர்கள், அது நூலின் உயிர்ப் பகுதியா; நான்கு, அதனால் அந்தப் படைப்பின் விற்பனைக்கு என்ன நடக்கும்.

"10 வீதம் வரை எடுக்கலாம்" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு வீதமே இல்லை. ஒரு பக்கக் கவிதையில் 10 வீதம் ஒன்றுக்கும் உதவாது, 600 பக்க நூலில் 10 வீதம் ஒரு சின்னப் புத்தகம். அளவை நோக்கம்தான் தீர்மானிக்கிறது.

12ஆம் பிரிவு இன்னும் கிட்ட வந்து பேசுகிறது. வெளியான ஒரு படைப்பின் சிறு பகுதியை, பாடத்தை விளக்குவதற்காக, எழுத்திலோ ஒலி ஒளிப்பதிவிலோ பயன்படுத்தலாம். அதுபோக, நேருக்கு நேர் நடக்கும் வகுப்புக்காக, இலாப நோக்கமில்லாத கல்வி நிறுவனம் ஒரு கட்டுரையையோ சிறிய படைப்பையோ நூலின் சிறு பகுதியையோ போட்டோக்கொப்பி எடுக்கலாம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. கொப்பி எடுப்பது எப்போதாவது ஒருமுறை நடப்பதாக இருக்க வேண்டும், மறுபடி எடுத்தால் அது வேறு, தொடர்பில்லாத சந்தர்ப்பமாக இருக்க வேண்டும். அந்த நூலுக்கு உரிமையாளர்களின் அமைப்பு ஏதாவது கூட்டாக அனுமதிப்பத்திரம் கொடுத்து, அது பாடசாலைக்குத் தெரிந்திருந்தால் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இயன்றவரை எல்லாக் கொப்பியிலும் மூல நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும்.

இதை ஒரு வகுப்பில் வைத்துப் பார்ப்போம். மூதூரில் தரம் 10 தமிழ் ஆசிரியை ஒருவர், கடலோர வாழ்க்கை பற்றிப் பேசுவதற்காக, நம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதியிலிருந்து மூன்று பக்கக் கதை ஒன்றைத் தெரிகிறார். முப்பத்தைந்து பிள்ளைகள். முப்பத்தைந்து கொப்பி அடித்து, மேலே கதையின் பெயர், ஆசிரியர் பெயர், தொகுதியின் பெயர், வெளிவந்த ஆண்டு எழுதிக் கொடுக்கிறார். தயக்கமே தேவையில்லை, சட்டம் நினைத்துப் பார்த்து இடம் விட்டதே இவருக்காகத்தான். பிள்ளைகளுக்குக் கதை பிடித்துவிடுகிறது. அடுத்த கிழமை அதே தொகுதியில் இன்னொரு கதை, அதற்கடுத்த கிழமை இன்னொன்று, தவணை முடிய முழுத் தொகுதியும் பிள்ளைகளின் கோப்புக்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கிழமையும் தனியாகப் பார்த்தால் சின்ன விடயம்தான். சேர்த்துப் பார்த்தால் ஒரு புத்தகம் போய்விட்டது. "தனித்தனியான, தொடர்பில்லாத சந்தர்ப்பம்" என்ற நிபந்தனை உடைவது இங்கேதான்.

இதில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம் தமிழ்ச் சூழலில் 11ஆம் பிரிவு சொன்ன நான்காவது விடயம், அதாவது விற்பனை, மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. ஈழத்துத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் முந்நூறு, ஐந்நூறு பிரதிதான் அச்சாகின்றன. பல வேளை எழுதியவரே தன் சம்பளத்தில் அச்சுக்கூலி கட்டி, வெளியீட்டு விழா வைத்து, மிச்சத்தைப் பெட்டியில் கட்டி வீட்டில் வைத்திருப்பார். இலண்டனில் இருக்கும் பெரிய பதிப்பகத்துக்கு முப்பத்தைந்து பிரதி குறைந்தால் கணக்கிலேயே தெரியாது. அந்த எழுத்தாளருக்கு ஒரு வகுப்பு முழுக்க அவர் தொகுதியைக் கொப்பியில் வாசித்துவிட்டால் அது அச்சுச் செலவில் ஒரு பங்கு. அதுவும் பாடசாலைகள்தான் அவருடைய முதன்மை வாசகர்கள். ஆகவே ஒரு கதையைக் கொப்பி எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் நூலகத்துக்குப் பத்துப் பிரதி வாங்கச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். முடிந்தால் அவரையே ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள், பிள்ளைகள் அந்த நாளை மறக்கமாட்டார்கள்.

அடுத்தது ரியூசன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காலையில் பாடசாலையில் படிப்பிக்கும் அதே ஆசிரியர், பின்னேரம் தனியார் கல்வி நிலையத்தில் அதே தாளைக் கொடுத்தால், ஆள் ஒருவர்தான், தாளும் ஒன்றுதான், சட்டத்தில் நிலைமை வேறு. மேலே சொன்ன கொப்பிச் சலுகை நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபார இலாபம் தேடாத நிறுவனத்துக்கு மட்டும். மாதக் கட்டணம் வாங்கும் வகுப்புக்கு அது கிடைக்காது. இன்னொருவர் வழிகாட்டியிலிருந்து பக்கம் பக்கமாக வெட்டி ஒட்டி, முன்னட்டையில் தன் பெயரும் படமும் போட்டு ரியூட் என்று காசுக்குக் கொடுப்பது எந்தச் சலுகைக்குள்ளும் வராது. கடந்தகால வினாத்தாள்களைத் தொகுத்து நூலாக விற்பதும் அப்படியே, அந்த மேல் மூலை வரி பேசுவது இப்படிப்பட்டவர்களோடுதான். அதற்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பாடசாலை வகுப்பில் பழைய வினா ஒன்றை எடுத்துச் செய்துகாட்டுவது சாதாரணக் கற்பித்தல், அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது முழுப் படிப்புமே அதற்குள் போனது, அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. சட்டம் எழுதப்பட்டது 2003இல். போட்டோக்கொப்பிச் சலுகை "நேருக்கு நேர்" வகுப்பைத்தான் குறிக்கிறது, குழுவில் பிடிஎவ் போடுவதை அது மூடாது. மிஞ்சுவது சிறு பகுதியை விளக்கத்துக்குப் பயன்படுத்தும் சலுகையும் 11ஆம் பிரிவின் நியாயமான பயன்பாடும். என் அபிப்பிராயத்தில், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் குழுவில், அன்றைய பாடத்துக்குத் தேவையான இரண்டு பக்கத்தைப் பெயரோடு போடுவதை நியாயம் என்று வாதிடலாம். முழுப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணிப் போடுவதை வாதிட முடியாது. வகுப்புக் குழுவில் போட்ட கோப்பு அடுத்த நிமிடம் எந்த மாவட்டத்துக் குழுவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, திரும்பி எடுக்கவும் முடியாது. யூடியூபில் பாடம் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், அங்கே பார்ப்பவர் உங்கள் வகுப்பு இல்லை, உலகம். பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட வேண்டிய தேவை பாடத்துக்கு இல்லவே இல்லை.

பல வேளை கோப்பை அனுப்பத் தேவையே வராது, இணைப்பை அனுப்பினால் போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தன் தளத்திலேயே இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இலிருந்து இயங்குகிறது. விக்கிப்பீடியா போன்றவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர்களே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிட்ட எழுத்து அது, மூலத்தைச் சொல்லி, மாற்றி எழுதினால் அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில வியாபாரத்துக்குக் கூடாது என்று சொல்லும், சில மாற்றக் கூடாது என்று சொல்லும், ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.

நாடகம், பாட்டு. வகுப்பில் பாடமாக ஒரு நாடகத்தை நடித்துப் பார்ப்பது கற்பித்தல். அதே நாடகத்தை நகர மண்டபத்தில் நுழைவுச்சீட்டு விற்று மேடையேற்றினால் அது பொது ஆற்றுகை, எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். காசு வாங்காமல் ஊர் முழுக்கக் கூப்பிட்டு நடத்தினாலும் கேட்டுவிடுங்கள், நம் நாடக எழுத்தாளர்கள் பாடசாலை என்றால் மறுப்பது அபூர்வம்.

இனி மறுபக்கம், நீங்களும் உங்கள் பிள்ளைகளும் எழுதுவது. ஒருவர் தன் வேலையின் பகுதியாக உண்டாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில்தருநருக்கே முதலில் போகும் என்கிறது சட்டம். பாடசாலைக்காகத் தயாரித்த தவணைப் பரீட்சைத் தாளும் நீங்கள் வீட்டில் உங்கள் நேரத்தில் எழுதிய கவிதைத் தொகுதியும் ஒன்றல்ல என்று இதிலிருந்து விளங்கும். ஆனால் எழுதியவர் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், படைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற தார்மீக உரிமை எழுதியவரிடமே நிற்கிறது. தரம் 6 பிள்ளை எழுதிய கவிதைக்கு உரிமையாளர் அந்தப் பிள்ளைதான். பாடசாலைச் சஞ்சிகையில் போடும்போது பெயரைப் போடுங்கள், திருத்தினால் பிள்ளையிடம் காட்டித் திருத்துங்கள். தன் பெயரை அச்சில் பார்க்கும் பிள்ளை பிறகு மற்றவர் பெயரை அழிக்காது.

நூலகப் பொறுப்பாளர்களுக்கும் தனி இடம் இருக்கிறது. இலாப நோக்கமில்லாத நூலகம், படிப்புக்காகக் கேட்பவருக்கு ஒரு கட்டுரையையோ சிறு பகுதியையோ ஒரு கொப்பி எடுத்துக் கொடுக்கலாம். நூல் பழுதானாலோ தொலைந்தாலோ, நியாயமான வழியில் வேறு பிரதி வாங்க முடியாவிட்டால், முழு நூலையும் கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் புத்தகங்களைப் பறிகொடுத்த நம் கரைக்கு இது பெரிய விடயம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பிரெயிலிலோ ஒலி வடிவிலோ நூலை ஆக்குவதற்கு, மராக்கேஷ் உடன்படிக்கையைத் தழுவிச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: தமிழில் இதைப் பற்றி இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் இந்தியச் சட்டம். டெல்லிப் பல்கலைக்கழகத்துப் போட்டோக்கொப்பிக் கடை மேல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கில், 2016இல் கடைக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்ததைப் பலர் பகிர்வார்கள். நல்ல தீர்ப்புத்தான், ஆனால் அது இந்தியாவின் 1957 சட்டத்தின் வாசகத்தை வைத்து வந்தது. அங்கே எழுதியவர் மறைந்த பிறகு 60 வருடம், இங்கே 70. நம் வகுப்பறைக்கு நம் சட்டம்தான். இங்கே தெரிந்தே மீறியவருக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் கேட்பதுதான் சுகமான வழி. நீண்ட கடிதம் வேண்டாம். நீங்கள் யார், எந்தப் பாடசாலை, எந்த நூலில் எந்தப் பக்கங்கள், எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை காலம், தாளிலா குழுவிலா, காசு வாங்கப்படாது என்ற உறுதி, பெயர் எப்படிப் போடப்படும். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு எழுத்தாளருக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "தாராளமாகப் பாவியுங்கள்" என்று பதில் வந்தால் அதை அழிக்காமல் அச்சிட்டுப் பாடக் கோப்பில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அது உதவும். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுக்க வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பெயரோடு பயன்படுத்திவிட்டு, மிச்சத்துக்கு நூலை வாங்குங்கள்.